சின்னத் தொட்டிக்கு எந்த மீன்? கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

கடைத் தொட்டியில் விரல் நீளத்துக்கு நீந்திக்கொண்டிருப்பவற்றில் பெரும்பகுதி குஞ்சுகள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கும் சக்கர் மீன் அங்கே 5 செ.மீ. இருக்கும்; வளர்ந்தால் 30 செ.மீ.யைத் தாண்டும். அடுத்த தொட்டியில் 3 செ.மீ. நீளத்தில் நிற்கும் நியான் டெட்ராவோ ஏறக்குறைய வளர்ந்து முடித்த மீன். வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டும் சின்ன மீன்தான். வீட்டுத் தொட்டிகளில் வரும் தொல்லைகள் நிறைய இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஆகவே மீனைப் பார்ப்பது கடைசி வேலை. முதலில் தொட்டியை அளக்க வேண்டும், பிறகு தண்ணீரைச் சோதிக்க வேண்டும். எந்த மீன் என்பதை இவை இரண்டுமே ஏறக்குறைய முடிவு செய்துவிடும். இங்கே சின்னத் தொட்டி என்பது 20 முதல் 60 லிட்டர் வரை. 15 லிட்டருக்குக் கீழே என்றால் மீன் வேண்டாம். செடியும் ஏழெட்டு செர்ரி இறாலும் விட்டாலே பார்க்க அழகாக இருக்கும்.

தொட்டியை அளப்பது

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 × 30 × 30 தொட்டி என்றால் 54. ஆனால் அது விளிம்பு வரை நிரப்பிய வெறும் தொட்டியின் கணக்கு. அடியில் 4 செ.மீ. சரளை, மேலே 3 செ.மீ. இடைவெளி, உள்ளே ஒரு மரக்கட்டை, இரண்டு கல் எல்லாம் போக உண்மையில் நிற்கும் தண்ணீர் 40 லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். மருந்து ஊற்றும்போதும் இந்த 40-ஐத்தான் பிடிக்க வேண்டும். 54-க்கு அளந்து ஊற்றிவிட்டு மீன் மயங்குகிறதே என்று தவிப்பவர்கள் உண்டு.

லிட்டர் அளவைப் போலவே முக்கியம் தொட்டியின் வடிவம். ஆக்சிஜன் தண்ணீருக்குள் இறங்குவது மேற்பரப்பு வழியாக. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழுத்து வரை நிரப்பினால் தண்ணீர் கூடுகிறது, காற்றைத் தொடும் பரப்போ சுருங்குகிறது. அதே காரணத்தால், குறுகலாக உயர்ந்து நிற்கும் 50 லிட்டர் தொட்டியைவிடத் தாழ்வாக நீண்ட 50 லிட்டர் தொட்டியில் மீன்கள் நன்றாக இருக்கும். மீன் நீந்துவதும் பக்கவாட்டில்தானே. ஏர் பம்ப்பின் குமிழிகள் செய்யும் பெரிய உதவியும் மேற்பரப்பைக் கலக்கிவிடுவதுதான்.

"ஒரு செ.மீ. மீனுக்கு ஒரு லிட்டர்" என்றொரு கணக்கு சுற்றுகிறது. 2, 3 செ.மீ. மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தும். பெரிய மீன்களுக்கு மோசமாகத் தப்பும். மீனின் நீளம் இரட்டித்தால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. 4 செ.மீ. மீன் நான்கும் 16 செ.மீ. மீன் ஒன்றும் இந்தக் கணக்கில் சமம். ஆனால் அந்த ஒற்றை மீன் நான்கின் மொத்த எடையைப் போலப் பதினாறு மடங்கு இருக்கும். தீனியும் கழிவும் அதற்கேற்ப ஏறும். 5 செ.மீ.க்கு மேல் வளரும் எந்த மீனுக்கும் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். வளர்ந்த நீளத்தைக் கேட்டறிந்து, தொட்டியின் நீளம் அதைப்போல பத்து மடங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். 60 செ.மீ. தொட்டிக்கு 6 செ.மீ. மீன். இது விதியல்ல, ஆனால் தவறான மீன்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வடிகட்டலே கழித்துவிடும்.

"தொட்டிக்கு ஏற்றபடிதான் மீன் வளரும்" என்று கடையில் சொல்வார்கள். நெருக்கடியான, கழிவு தேங்கிய தண்ணீரில் வளர்ச்சி தடைபடுவது உண்மை. அது இடத்துக்கு ஒத்துப்போவதன் அடையாளம் அல்ல, நலிவின் அடையாளம். முதுகு கூனும், கண் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரியும், ஆயுள் பாதியில் முடியும்.

தண்ணீர் எப்படிப்பட்டது

பார்க்க வேண்டியவை மூன்று: பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்), கடினத்தன்மை (கரைந்திருக்கும் தாது உப்புகளின் அளவு), வெப்பநிலை. சோதனைப் பட்டை வாங்கி முதல் இரண்டையும் ஒரே நிமிடத்தில் அறியலாம். பட்டை இல்லாவிட்டாலும் குறிப்புகள் உண்டு. சோப்பு நுரைக்க மறுக்கிறது, தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்றால் அது கடின நீர். ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் இப்படி இருக்கும்.

கடின நீர், பிஎச் 7.5-க்கு மேல்: கப்பி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களின் இடம். மென்னீர், பிஎச் 7 அல்லது அதற்குக் கீழ்: டெட்ரா, ரஸ்போரா வகைகள். ஃபைட்டர், தேன் குராமி, செர்ரி பார்ப் மூன்றும் நடுவில் எங்கேயும் ஒத்துப்போகும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பிடித்த மீனை வாங்கிவிட்டு, தண்ணீரை அதற்கேற்ப மாற்ற பிஎச் இறக்கும் திரவத்தை ஊற்றுவது. கடின நீரில் கரைந்திருக்கும் கார்பனேட் அந்த அமிலத்தைச் சமன்படுத்திவிடும். காலையில் 6.8-க்கு இறங்கியது மறுநாள் 7.8-க்குத் திரும்பி நிற்கும்; மீண்டும் ஊற்றுவார்கள். மீனைக் கொல்வது 7.8 அல்ல, இந்த ஏற்ற இறக்கம். கொஞ்சம் பொருந்தாத, ஆனால் மாறாத தண்ணீர் தினமும் ஆடும் "சரியான" தண்ணீரைவிட எவ்வளவோ மேல். தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுங்கள்.

வெப்பநிலையில் சின்னத் தொட்டி வேகமாக ஆடும். தண்ணீர் குறைவு, அதனால் சூடும் குளிரும் சீக்கிரம் ஏறி இறங்கும். ஜன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் வைத்தால் பிற்பகலில் 32 டிகிரியைத் தொடக்கூடும். சூடு ஏற ஏற தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது குறைகிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராமை ஒட்டிக் கரையும்; 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடவும் செய்கிறது. ஆண்டு முழுவதும் தண்ணீர் 28, 29 டிகிரியில் நிற்கும் வீட்டில் வொயிட் கிளவுட், ஜீப்ரா டானியோ, நியான் மூன்றையும் தவிர்த்து, சூடு தாங்கும் ஃபைட்டர், கார்டினல் டெட்ரா, தேன் குராமி பக்கம் போவது புத்திசாலித்தனம். குளிர்ந்த அறையானால் இதற்கு நேர் எதிர். வொயிட் கிளவுட்டுக்கு 18 முதல் 22 டிகிரி போதும், ஹீட்டரே வேண்டாம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தாலோ, ஏர் பம்ப் ஓடவிட்டாலோ போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது. குளோரின் நீக்கும் திரவம் கட்டாயம் வேண்டும். எது கலக்கிறார்கள் என்று தெரியாதவர்கள் திரவத்தையே ஊற்றிக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் காலித் தொட்டி

புதுத் தொட்டிக்கு எந்த மீன் நல்லது என்று கேட்டால், எதுவும் இல்லை என்பதே நேர்மையான பதில். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது ஓரளவு வரை தாங்கக்கூடியது. இந்தப் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் சரளையிலும் குடியேற 3 முதல் 6 வாரம் ஆகும். வாங்கிய மூன்றாம் நாள் எல்லா மீனும் மேலே மிதப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான், கடைக்காரரின் கைராசி அல்ல. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது: தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஃபில்டரை ஓடவிட்டு, வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியாக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, சோதனையில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டும்படி வைக்க வேண்டும். அது இறங்கியதும் மீண்டும் அதே அளவு. சேர்த்த 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகிற நாளில் தொட்டி தயார். அம்மோனியா கிடைக்காதவர்கள் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடலாம். நாற்றம் வரும், கொஞ்சம் தாமதமாகும், ஆனால் வேலை நடக்கும். நோயில்லாத பழைய தொட்டி ஒன்றின் அழுக்கு ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதை உங்கள் ஃபில்டருக்குள் திணித்துவிடுங்கள். இந்தக் காத்திருப்பு சில நாட்களாகக் குறையும்.

பிஎச் உயர்ந்த தண்ணீர் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பிஎச் 7-ஐவிட 8-இல் அதே அளவு அம்மோனியாவின் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு.

இனி மீன்கள்

ஃபைட்டரில் தொடங்கலாம். சின்னத் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான மீன் கிடையாது. இதைவிட மோசமாக வைக்கப்படும் மீனும் கிடையாது. ஜாடியில் உயிரோடு இருக்கும் என்பதால் ஜாடி போதும் என்றாகிவிட்டது. காற்றை நேரடியாக மூச்சிழுக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் பிழைக்கும், அவ்வளவுதான். அம்மோனியாவிலிருந்து அந்த உறுப்பு அதைக் காப்பாற்றாது. ஒரு ஆண் ஃபைட்டருக்கு 20 லிட்டர், 25 முதல் 28 டிகிரி, மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேற்பரப்புக்கு அருகே படுத்துக்கொள்ள அகன்ற இலை ஒன்று. மூடி அவசியம், குதிக்கும். ஆனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே காற்று இருக்க வேண்டும், மேற்பரப்பு முழுவதையும் மிதவைச் செடி அடைத்துவிடக் கூடாது. மேலே வந்து மூச்சிழுக்க வழியில்லாவிட்டால் மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். நீள வால் கொண்டவை ஃபில்டர் ஓட்டத்தில் இழுபட்டுச் சோர்ந்து, சில சமயம் தன் வாலைத் தானே கடித்துக் குதறும். வால் நாளுக்கு நாள் பிய்ந்துகொண்டே போனால் மருந்தைத் தேடும் முன் பம்ப்பின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இரண்டு ஆண் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது: ஒரு ஆணும் ஒரு பெண்ணும்கூட நிரந்தரமாகச் சேர்ந்திருக்க முடியாது, முட்டையிட்டு முடிந்ததும் ஆண் பெண்ணைத் துரத்திக் கிழித்துவிடும். பெண்களை மட்டும் கூட்டமாக வைப்பதும் சின்னத் தொட்டியில் நடக்காது. பல நிற நீள வாலோடு திரியும் ஆண் கப்பியை ஃபைட்டர் எதிரியாக நினைத்துத் தாக்கும் என்பதால் அந்த ஜோடியும் வேண்டாம். துணை வேண்டுமென்றால் ஒரு நெரைட் நத்தை. அது பாசி தின்னும், நன்னீரில் குஞ்சு பொரிக்காது. கண்ணாடியில் எள் அளவு வெள்ளை முட்டைகளை ஒட்டிவைப்பது ஒன்றுதான் அதன் குறை.

கப்பி அடுத்தது. ஆண் 3, 4 செ.மீ., பெண் 5, 6. கடின நீர் உள்ள வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், ஒரே நிபந்தனை: ஆண்களை மட்டும் வாங்குங்கள். ஜோடியாக வாங்கினால் ஏறக்குறைய மாதம் ஒரு பிரசவம், வளர்ந்த பெண் ஒன்று ஒரே முறையில் 20, 30 குட்டிகளுக்கு மேல்கூடப் போடும். பெண்ணை மட்டும் வாங்குவதும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். கடையிலேயே ஆணோடு சேர்ந்திருக்கும். அந்த விந்தை மாதக்கணக்கில் உடம்பில் சேமித்து வைத்துக்கொண்டு, ஆணே இல்லாத தொட்டியில் திரும்பத் திரும்பக் குட்டி போடும். ஆணைப் பிரித்தறிய வாலைப் பார்க்க வேண்டாம். வயிற்றுக்குக் கீழே, கழிவுத் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் துடுப்பைப் பாருங்கள்: ஆணுக்கு அது தீக்குச்சி போல ஒல்லியாகப் பின்னோக்கிப் படுத்திருக்கும், பெண்ணுக்கு விசிறி போல விரிந்திருக்கும். பிளாட்டிக்கும் மோலிக்கும் இதே அடையாளம். பிளாட்டி 5, 6 செ.மீ., 54 லிட்டரில் வைக்கலாம். மோலி 8 செ.மீ.யைத் தாண்டும், சின்னத் தொட்டியின் மீன் அல்ல. கப்பியோ மோலியோ இருந்த இடத்திலேயே உடம்பை நெளித்து ஆடிக்கொண்டிருந்தால் அது நடனம் இல்லை. தண்ணீர் மிக மென்மையாகவோ குளிர்ந்தோ போயிருக்கிறது என்று பொருள்.

மென்னீர் வாய்த்தவர்களுக்குக் கூட்ட மீன்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்: ஒரு வகையில் எண்ணிக்கை 6-க்குக் குறையக் கூடாது, 8 அல்லது 10 இருந்தால்தான் அதன் உண்மையான குணம் தெரியும். வகைக்கு இரண்டாக ஐந்து வகை வாங்குவதுதான் பழக்கம்; அப்படி வாங்கிய பத்தும் ஆளுக்கொரு மூலையில் வெளிறிப்போய் ஒளிந்துகொண்டிருக்கும். ஒரே வகையில் பத்து விட்டால் நடுத்தொட்டிக்கு வந்து ஒன்றாகத் திரும்பும், நிறம் ஏறும். சின்னத் தொட்டியை அழகாக்குவது வகைகளின் எண்ணிக்கை அல்ல.

எம்பர் டெட்ரா 2 செ.மீ.தான், செங்கல் நிறம், 30 லிட்டரிலேயே 8 நிம்மதியாக இருக்கும்; முதல்முறை டெட்ரா வளர்ப்பவருக்கு இதுதான் முதல் பரிந்துரை. சில்லி ரஸ்போரா இன்னும் சின்னது, 2 செ.மீ.க்கும் குறைவு. மென்மையான, லேசான அமிலத் தண்ணீர் கேட்கும். வாய் அவ்வளவு சிறியது என்பதால் கடைத் தீனியை விரல்களுக்கு நடுவே தூளாக நசுக்கித்தான் போட வேண்டும். நியான் டெட்ரா மூன்று மாதமாவது ஓடிய தொட்டிக்கு மட்டும்; புதுத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கரைந்துபோகும். சூடான வீட்டுக்கு அதன் உறவான கார்டினல் பொருந்தும். இரண்டையும் பிரிப்பது எளிது: நியானின் சிவப்புக் கோடு நடு உடம்பில் தொடங்கி வாலுக்குப் போகும், கார்டினலுக்குத் தலையிலிருந்தே ஓடும். ஹார்லிகுயின் ரஸ்போரா 4 செ.மீ.க்குச் சற்று மேல் வளரும், 60 செ.மீ. தொட்டிக்கு 8. உறுதியான மீன், தவறுகளைக் கொஞ்சம் மன்னிக்கும். செர்ரி பார்ப்பும் அப்படியே, 5 செ.மீ., பெயரில் பார்ப் இருந்தாலும் யாரையும் கடிக்காது. ஜீப்ரா டானியோவை 45 செ.மீ. தொட்டிக்குள் விடுவது ஓட்டக்காரரைக் குளியலறையில் ஓடச் சொல்வது மாதிரி; நீளம் 60-க்கு மேல் இருந்தால் யோசிக்கலாம்.

தரை மீன்களில் குட்டிக் கோரிடோரஸ் எனப்படும் பிக்மி கோரி மட்டும் இந்த அளவுக்குப் பொருந்தும். 3 செ.மீ., 6 எண்ணம். பெரிய கோரிகள் 6, 7 செ.மீ. வளர்ந்து, கூட்டமாகவும் இருக்க வேண்டியவை. எந்தக் கோரிக்கும் அடியில் மணல் வேண்டும். கூர்மையான சரளையைக் கிளறிக் கிளறி மீசை தேய்ந்து புண்ணாகும். அவ்வப்போது விருட்டென்று மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கி வருவது அவற்றின் இயல்பு. நிமிடத்துக்குப் பலமுறை போனால்தான் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். "அடியில் கிடக்கும் அழுக்கைத் தின்னும்" என்று சொல்லி விற்பார்கள். எந்த மீனும் மற்ற மீனின் கழிவைத் தின்று வாழ்வதில்லை. கோரிக்கு மூழ்கும் தீனி தனியாகப் போட வேண்டும்.

நடுவில் ஒரு தனி ஆள் வேண்டுமென்றால் தேன் குராமி. 5 செ.மீ., சாந்தமானது, ஒன்றோ ஒரு ஜோடியோ போதும். அதைவிட அதிகம் விற்கும் குள்ளக் குராமி நீலமும் சிவப்புமாகப் பளிச்சென்று இருக்கும். ஆனால் பண்ணைகளிலிருந்து வருபவற்றில் மருந்தே இல்லாத ஒரு வைரஸ் நோய் பரவலாக இருப்பதால் அதை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை.

குட்டிப் பஃபர் பற்றியும் ஒரு வரி. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைச் சேர்ந்த, இரண்டரை செ.மீ. வளரும் உருண்டை மீன். கண் தனித்தனியாகச் சுழல்வதைப் பார்த்தே பலர் வாங்கிவிடுவார்கள். காய்ந்த தீனியைத் திரும்பிப் பார்க்காது, நத்தையும் ரத்தப்புழுவும் கேட்கும், கூட இருக்கும் மீன்களின் துடுப்பைக் கடித்துத் தின்னும். வேறு மீனே இல்லாத தொட்டி ஒதுக்க முடிந்தவருக்கு மட்டும்.

கடையில் இருந்தாலும் தொடக் கூடாதவை

தங்கமீன்: உருண்டை வகைகள் 15 முதல் 20 செ.மீ., நீள வகைகள் 30 வரை. கழிவு அதிகம், குளிர்ந்த நீர் விரும்பும். பத்து ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய மீன் கிண்ணத்தில் ஓராண்டு இருந்தால் "நன்றாக வாழ்ந்தது" என்கிறார்கள். ஏஞ்சல்: துடுப்போடு சேர்த்து உயரம் மட்டுமே 20 செ.மீ.க்கு மேல், 30 செ.மீ. உயரத் தொட்டியில் திரும்ப முடியாது. வளர்ந்ததும் நியானைத் தின்னும். ஷார்க் என்ற பெயரில் விற்கும் பாலா ஷார்க் 30 செ.மீ., டைகர் ஷார்க் என்று சொல்லும் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேல். டைகர் பார்ப், விடோ டெட்ரா அளவில் பெரிதில்லை, ஆனால் துடுப்பு கடிக்கும். நெருக்கமான இடத்தில் அது இன்னும் கூடும். ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், அரோவானா, கோய், பேரட் பற்றிப் பேசவே வேண்டாம்.

பாசிக்காகச் சக்கர் வாங்குவதை இனியாவது நிறுத்தலாம். மஞ்சள் நிறத்தில் வரும் சைனீஸ் ஆல்கி ஈட்டரும் அதே கதை: 25 செ.மீ. வளரும், வயதானதும் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு உடம்பின் வழவழப்பை உறிஞ்சும். பாசி வருவது வெளிச்சமும் தீனியும் கூடியதால். விளக்கை ஒரு நாளைக்கு 6, 7 மணி நேரமாகக் குறைத்தாலே பாதி போய்விடும்.

ஊதா, பச்சை, ரோஸ் என்று மிட்டாய் நிறத்தில் வரும் கண்ணாடி மீன்களுக்கும் வெள்ளை டெட்ராக்களுக்கும் பல சமயம் சாயம் ஏற்றியிருப்பார்கள், சிலவற்றுக்கு ஊசியாலேயே. சில மாதத்தில் நிறம் வெளுக்கும், அதற்குள் மீனும் நோய்க்கு எளிதில் இரையாகும்.

சேர்க்கைகள்

20, 25 லிட்டரில் ஒரு ஃபைட்டர், ஒரு நெரைட் நத்தை. தண்ணீர் மென்மையாக இருந்தால் அதற்குப் பதில் சில்லி ரஸ்போரா 8.

45 செ.மீ. நீளம், 30 முதல் 40 லிட்டர்: மென்னீரில் எம்பர் டெட்ரா 8 முதல் 10, கூடவே செர்ரி இறால் பத்து. கடின நீரில் ஆண் கப்பி 6. இந்த அளவில் இரண்டாவது மீன் வகையைச் சேர்க்க ஆசை வரும், சேர்க்காதீர்கள்.

60 செ.மீ., 54 லிட்டர்: தேன் குராமி ஒரு ஜோடி, எம்பர் 8, பிக்மி கோரி 6. மேல், நடு, கீழ் மூன்று மட்டமும் நிறையும், எதுவும் எதனுடைய வாய்க்குள்ளும் போகாது. அல்லது ஹார்லிகுயின் 8, பிக்மி கோரி 6. கடின நீரில் ஆண் கப்பி 6, ஆண் பிளாட்டி 3. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுவதை வைத்துப் போட்ட எண்ணிக்கை இது. அது முடியாது என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

வாங்கும் நேரம்

கடைக்குள் நுழைந்ததும் பிடித்த மீனைப் பார்க்காமல் அதன் தொட்டியைப் பாருங்கள். ஒரு செத்த மீன் கிடந்தாலும் அந்தத் தொட்டியில் வாங்க வேண்டாம். பல கடைகளில் வரிசையாக உள்ள தொட்டிகளுக்கெல்லாம் ஒரே ஃபில்டர் ஓடும். அப்படியானால் பக்கத்துத் தொட்டியின் சாவும் கணக்கில் வரும்.

எப்போது வந்த சரக்கு என்று கேளுங்கள். நேற்று இறங்கியது என்றால் ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொல்லுங்கள். பயணத்தில் நலிந்தவை அந்த ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும், அந்த இழப்பு உங்கள் தொட்டியில் நடக்க வேண்டியதில்லை.

பிறகு ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து வருபவை வேண்டும். மூலையில் நின்றே பார்ப்பவை வேண்டாம். வந்தவற்றில் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் பாருங்கள். துடுப்பு விரிந்திருக்க வேண்டும், உடம்போடு ஒட்டி மடங்கியிருக்கக் கூடாது. உப்புத் தூள் தெளித்தது போல் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது தொற்று நோய். ஒரு மீனில் ஒரு புள்ளி இருந்தாலும் அந்தத் தொட்டியே வேண்டாம். வயிறு உள்வாங்கி முதுகு கத்திபோல் இருந்தால் குடல் புழுவோ நீண்ட பட்டினியோ. செவுள் மூடி இரண்டும் சீராக அசைய வேண்டும். ஒன்று மூடியே இருந்தாலோ மேற்பரப்பில் வாயை வைத்துத் திணறினாலோ விட்டுவிடுங்கள். நியானில் கோட்டின் நடுவே நிறம் வெளிறிய திட்டு இருந்தால் அது மருந்தில்லாத நோயாக இருக்கலாம். ஃபைட்டருக்கு இன்னொரு சோதனை: பக்கத்துக் குவளையில் வேறொரு ஆணைக் காட்டினால் செவுளை விரித்துச் சிலிர்க்க வேண்டும். சில நொடி போதும், நீட்ட வேண்டாம். டார்ச் வெளிச்சத்தில் உடம்பில் தங்கப் பொடி தூவியது போல் மினுமினுத்தால் அது அழகு அல்ல, வெல்வெட் என்ற ஒட்டுண்ணி.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. வெயில் படாமல், இருட்டாக எடுத்துவாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணைத்து, பையை மூடியபடியே 15 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு பிரித்து, தொட்டித் தண்ணீரை அரைக் குவளை வீதம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு தடவை ஊற்றி, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. மீன் பல மணி நேரம் பயணித்து வந்திருந்தால் இந்த நிதானம் வேண்டாம். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதனால் சேர்ந்த அம்மோனியாவும் அடங்கிக் கிடக்கும். பை திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏற, அதே அம்மோனியா நஞ்சாகும். அப்படிப்பட்ட பையில் வெப்பநிலை சமமானதும் உடனே மாற்றிவிடுங்கள்.

அன்று தீனி வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். ஃபில்டரின் பாக்டீரியா இருக்கும் மீனுக்கு ஏற்பத்தான் பெருகியிருக்கும். 54 லிட்டர் சேர்க்கையில் முதலில் எம்பர் 8. இரண்டு வாரம் தினமும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்திலேயே இருக்கின்றனவா என்று சோதியுங்கள். பிறகு கோரிகள். இடம் பிடித்துக்கொள்ளும் குணமுள்ள குராமி கடைசியில், இரவு விளக்கு அணைத்த பின். முதலில் விட்டால் தொட்டி முழுவதையும் தனதென்று எடுத்துக்கொண்டு, பின்னால் வருபவற்றைத் துரத்தும். அப்படி ஏற்கெனவே துரத்த ஆரம்பித்துவிட்டால் துரத்துவதை இரண்டு நாள் சின்ன டப்பாவில் தனியே வைத்து, கல்லையும் கட்டையையும் இடம் மாற்றி அடுக்கிவிட்டுத் திரும்ப விடுங்கள். தன் எல்லை எது என்று அதற்கே தெரியாமல் போகும்.